தயங்கினால் அடி

பேபிக்குட்டி, உன் சாவுச் சேதி வரும்போது நான் தோட்டத்தில் ரப்பர் பால் எடுத்துக்கொண்டிருந்தேன். வெள்ளறடையிலிருந்து வந்த ஆட்டோக்காரத் தம்பி ரோட்டில் நின்றே கத்தினான்: "எக்கா, அங்கன்வாடி டீச்சரெ மரத்தடி ஏத்துன லாரி அடிச்சுப்போட்டு. ஆளு போச்சு." பால் வாளியை எட்டி உதைத்தேன். கத்தியால் மரத்தை ஓங்கி ஓங்கிக் குத்தினேன். மரம் என்ன செய்யும்?

ஊருக்கு நீ டீச்சர். எனக்கு, தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் இருந்தவள். நான் இரண்டாங்கிளாஸோடு நின்றேன். நீ படித்தாய். என் மகள் மலையாளத்தில் ஒன்றாங்கிளாஸ் போனதும் ஒரு படப்புத்தகம் கொண்டுவந்தாய். "தெனமும் பிள்ளைகூட இருந்து வாசிக்கணும், கேட்டியா?" என்றாய்.

இருந்தேன், கையில் மரச்சீனிக் கிழங்குச் செடியின் கம்போடு. மலையாள எழுத்து எனக்குத் தெரியாது. எது சரி, எது தப்பு என்று எப்படிக் கண்டுபிடிக்க? மகள் தயங்கினால் தப்பு என்று வைத்துக்கொண்டேன். தயங்கினால் அடி. ஒரு வாரத்தில் பிள்ளை மூச்சு விடாமல் வாசித்தாள். பெருமையாக உன்னைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

நீ புத்தகத்தைப் பார்த்தாய். அவள் வாயைப் பார்த்தாய்.

"எட்டீ, இதிலெ உள்ளது ஒண்ணையும் அவ வாசிக்கல்லெ. பயந்து வாயில வந்ததெ சொல்லுகா."

பிறகு அவள் காலைப் பார்த்தாய். முட்டுக்குக் கீழே வரிவரியாகத் தடிப்பு. என் கன்னத்தில் ஓர் அறை விட்டாய். நானும் உன்மேல் கம்பை ஓங்கினேன். பிடுங்கி முறித்தாய். உன் உள்ளங்கை கிழிந்து ரத்தம் வழிந்தது.

"கன்னம் நோவுதாட்டி? நான் புஸ்தகம் தந்தது போலீசு கேசு விசாரிக்கதுக்கா?"

"எனக்கு வாசிக்கத் தெரியாதுட்டி."

"கண்ணு உண்டுல்லா? படத்தெப் பாத்து நம்ம தமிழ்ல கதெ சொல்லு. தப்பாட்டே சொல்லு. அவ திருத்தட்டு."

அன்றைக்கு யானையைப் பன்றி என்று சொன்னேன். "அம்மைக்கு ஒண்ணும் தெரியல்லெ" என்று மகள் சிரித்தாள். புத்தகத்தின் முன்னால் அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை.

உன்னைப் புதைத்துவிட்டு வந்த அன்றும் கதை சொன்னேன். கன்னத்தில் விழுந்த அந்த அறையும் கதை சொல்லும் அந்த வழக்கமும்தான் உன்னிடமிருந்து எனக்கு மிச்சம். ஆனால் பக்கம் திருப்ப நான் கை நீட்டினால், இப்போதும் மகளின் தோள் ஒடுங்குகிறது. இன்னும் எத்தனை கதை சொன்னால் அது நிமிரும், பேபிக்குட்டி?