கம்பத்தடியில் கண்ணை மூடியவன்

என் மகளின் மூக்குத்தியையும் சங்கிலியையும் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஒரு சீசன் முழுக்க நான் அதிகாரமுள்ள மனிதனாக இருந்தேன். அதற்கு முன்போ பின்போ அப்படி இருந்ததில்லை.

ஜெர்மனியில் பீலெஃபெல்டுக்குப் பக்கத்தில் ஒரு சிறு நகரத்தின் பெண்கள் றக்பி அணியில் மகள் ஆடுகிறாள். நகையோடு ஆடக்கூடாது என்பது விதி. ஆட்டத்துக்கு முன் எல்லாவற்றையும் கழற்றி என்னிடம் தருவாள். வீட்டுக்குத் திரும்பியதும் மனைவியின் முதல் கேள்வி, "சங்கிலி எங்க?" இரண்டாவது, "பல்லெல்லாம் கிடக்கோ?" வென்றீர்களா என்று மட்டும் அவர் கேட்டதில்லை. அந்த சீசனில் அது மனிதத்தன்மையுள்ள மௌனம்.

எங்கள் லீக் எவ்வளவு கீழே என்றால், அதற்கும் கீழே புல்தான். பார்வையாளர்கள் பெரும்பாலும் ஆடுகிறவர்களைக் காரில் கொண்டுவந்து இறக்கியவர்கள். இரண்டு நாய்கள் தவறாமல் வரும். ஒரு நகரத்தில் பதினைந்து பெண்கள் சேராததால் பக்கத்து நகரத்தோடு கூட்டு வைத்து ஓர் அணி செய்திருந்தார்கள். கூட்டணி என்றால் என்ன நடக்கும் என்று தமிழனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பனிக்காலம் முடியும்வரை ஆடிய எல்லா ஆட்டங்களிலும் தோற்றுவிட்டோம். பக்கத்து நகரத்துப் பெண்களின் தலைவி, பல் வைத்தியரிடம் வேலை செய்கிறவர், வலியில்லாமல் பிடுங்கும் குரலில் சொன்னார்: சீசன் முடிவதற்குள் ஒரே ஓர் ஆட்டமாவது வெல்லவேண்டும். இல்லையென்றால் அவர்கள் வேறு அணிக்குப் போய்விடுவார்கள். அவர்கள் போனால் மிச்சமிருப்பவர்களை வைத்துக் கரம்போர்ட்தான் ஆடலாம்.

 அன்றிலிருந்து மகள் வேலை முடிந்து வந்ததும் வீட்டுப் பின்புறத்தில் துணிக்கொடிக் கம்பங்கள் இரண்டுக்கும் நடுவே பந்தை உதைக்கத் தொடங்கினாள். அணியில் கோலுக்கு உதைப்பவள் அவள்தான். கொடியில் காய்ந்த, நான் இடுப்பில் கட்டுகிற சாரங்கள் இரண்டு பக்கத்து வீட்டு ஆப்பிள் மரத்துக்குப் போய்ச் சேர்ந்தன.

நான் அதிகாரியான கதை சிறியது. ஒவ்வோர் அணியும் ஒரு கோட்டு நடுவரைக் கொண்டுவரவேண்டும். பந்து கோட்டைத் தாண்டினால் கொடி தூக்குகிற வேலை. எங்களிடம் ஆள் இல்லை. மகள் பயிற்சியாளரிடம் சொல்லியிருக்கிறாள்: "எங்கட அப்பா கோயில் தேருக்குக் கார் பார்க்கிங்கில கொடி காட்டுறவர்." உண்மைதான். மஞ்சள் மேலங்கியும் கொடியுமாக எத்தனையோ கார்களைப் புல்வெளிச் சேற்றுக்குள் வழிநடத்தியிருக்கிறேன். ஏலாது என்று சொல்ல எனக்கு நாக்கு வராது என்பதும் மகளுக்குத் தெரியும்.

வேலையின் கடினமான பகுதி ஒன்றுதான். எதிரணிப் பக்கத்துக் கடைசிக் கோட்டுக்கு அப்பால் பந்தை ஊன்றினால் ஐந்து புள்ளி. பிறகு அதே அணி எச் வடிவக் கம்பங்களுக்கு நடுவே, குறுக்குச் சட்டத்துக்கு மேலால் உதைத்தால் இன்னும் இரண்டு. அப்போது இரு அணிகளின் கோட்டு நடுவர்களும் ஆளுக்கொரு கம்பத்தடியில் நின்று, பந்து உள்ளே போனால் கொடி தூக்கவேண்டும். எங்கள் மைதானத்துக் கம்பங்கள் நகரசபை எங்கிருந்தோ தூக்கித் தந்த குள்ளக் கம்பங்கள். பந்து அவற்றுக்கும் மேலால் பறக்கும். விதி என்ன சொல்கிறதென்றால், கம்பம் முடிந்தாலும் அது முடியவில்லை, வானம்வரை நீள்வதாக நினைத்துக்கொண்டு தீர்ப்புச் சொல்லவேண்டும். முடி காணாத தூணைப் பற்றி எங்கள் ஆட்களுக்கு ஒரு கதை உண்டு. அதன் உச்சியைக் கண்டதாகப் பொய்ச்சாட்சி சொன்ன தாழம்பூவைப் பூசைக்கு ஆகாது என்று தள்ளிவைத்துவிட்டார்கள். விதியைப் படித்த அன்றே எனக்கு அந்தப் பூவின் ஞாபகம் வந்தது. சாமான்ய வேலை இல்லை.

கடைசி ஆட்டம் எங்கள் மைதானத்தில். மனைவி முதல் தடவையாக வந்தார். றக்பி மீது அவருக்கிருந்த கோபம் பழையது. ஒன்றுவிட்ட தம்பியின் கலியாணத்துக்கு மகள் கறுத்த கண்ணோடு வந்து நின்றதும், "ஆர் பிள்ளை அடிச்சது?" என்று ஒரு மாமி கேட்டதும், "ஒஸ்னாப்ரூக் அணிக்காரி ஒருத்தி, நல்ல பிள்ளை மாமி" என்று இவள் பதில் சொன்னதும் எங்கள் குடும்ப வரலாற்றில் தனி அத்தியாயம். ஆனாலும் இது கடைசி ஆட்டமாகிவிடலாம் என்று மகள் சொன்னதும் மடக்குக் கதிரையும் தேத்தண்ணிப் போத்தலுமாக வந்து, என் கம்பத்துக்கு நேர் பின்னால் உட்கார்ந்துகொண்டார்.

"இஞ்சேருங்கோ, பந்தை ஏன் பின்னுக்கே எறியுதுகள்?"

"அதுதான் விதி. முன்னுக்கு எறியக்கூடாது."

"பிறகு எப்பிடி முன்னுக்குப் போறது?"

பயிற்சியாளர் சீசன் முழுக்க விடை தேடிய கேள்வி அது.

நேரம் முடிகிற கட்டத்தில் ஆறு புள்ளி பின்னால் நின்றோம். பல் வைத்தியரின் உதவியாளர் மூன்று பேரைத் தோளில் இழுத்துக்கொண்டு போய், மூலையில் பந்தை ஊன்றினார். ஐந்து. இன்னும் ஒரு புள்ளிதான் பின்னால். உதை உள்ளே போனால் வெற்றி, அணி உயிரோடிருக்கும். போகாவிட்டால் கரம்போர்ட்.

மகள் பந்தை நிறுத்தினாள். ஊன்றிய மூலைக்கு நேரே, கம்பங்களுக்கு மிகவும் பக்கவாட்டான இடம். நானும் எதிரணிக் கோட்டு நடுவரும் கம்பங்களுக்குப் போனோம். அவர் ஓய்வுபெற்ற ட்ராம் ஓட்டுநர், அவரது பேத்தி அந்த அணியில் ஆடுகிறாள். எனக்குத் தலையசைத்தார். நானும் அசைத்தேன். மகள் நான்கடி பின்னால் வந்து நின்றாள்.

அப்போது நான் செய்தது எந்த விதிப்புத்தகத்திலும் தடைசெய்யப்படவில்லை. யாருக்கும் அது தோன்றியிருக்காது. பிள்ளையாரே என்று கண்ணை மூடினேன். கண் மூடினால் என் கைகளுக்கு ஒரே பழக்கம்: தலைக்கு மேலே போய்க் குவிந்துவிடும். அன்றும் போயின. கையில் கொடி இருந்தது.

பந்தில் கால் படும் சத்தம் அதற்குப் பிறகுதான் கேட்டது.

கண்ணைத் திறந்தபோது எங்கள் பெண்கள் கூச்சலிட்டுக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார்கள். என் கொடி உச்சியில். ட்ராம் ஓட்டுநரின் கொடி கீழே. அவர் என்னை, கால அட்டவணைக்கு முந்தி வந்த வண்டியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

நடுவர் ஓடி வந்தார். இளம்பெண். "ஒரு கொடிதான் தெரிகிறது. என்ன நடந்தது?"

"பந்து இவருடைய கம்பத்துக்கு மேலால் வந்தது," என்றார் ட்ராம் ஓட்டுநர். "ஆனால் உதைக்க முன்பே இவர் கொடியைத் தூக்கிவிட்டார்."

நடுவர் என்னைப் பார்த்தார். முழு அணியும் பார்த்தது. ஓம் என்று ஒரு சொல் சொன்னால் போதும், கொடி ஏற்கெனவே மேலேதான் இருக்கிறது. எனக்குத் தாழம்பூ மணத்தது. உண்மையில் அது பக்கத்து வயலின் எருவாக இருக்கலாம்.

"நான் பார்க்கவில்லை," என்றேன் ஜெர்மனில். "கண்ணை மூடிக் கடவுளைக் கும்பிட்டுக்கொண்டிருந்தேன்."

நடுவர் கொஞ்சம் யோசித்தார். இப்படியொரு சூழ்நிலை பயிற்சி வகுப்பில் வந்திராது.

"உங்கள் கடவுள் எந்த அணி?"

"அதுதான் எனக்கும் தெரியவேண்டும்."

பின்னாலிருந்து மனைவியின் குரல் தமிழில் வந்தது. "உள்ளுக்காலதான் போனது. நான் பாத்துக்கொண்டுதானே இருந்தனான்." மடக்குக் கதிரைக்கு லீக்கில் அதிகாரம் இல்லை. நடுவர் ட்ராம் ஓட்டுநரிடம் திரும்பினார்.

அவர் அவசரப்படவில்லை. கம்பத்தின் நுனியைப் பார்த்தார். அதற்கு மேலே இல்லாத கம்பத்தையும் பார்த்தார். மைதானத்தின் நடுவே இடுப்பில் கைவைத்து நின்ற பேத்தியைப் பார்த்தார். பிறகு, எல்லா நிறுத்தங்களிலும் நின்றே பழகிய மனிதராகத் தன் கொடியைத் தூக்கினார்.

"உள்ளே. ஒரு முழம் உள்ளே."

பேத்தி அவரோடு கார் நிறுத்துமிடம்வரை பேசவில்லை. என் மகளும் என்னோடு அப்படித்தான். காருக்குள் ஏறிய பிறகு தொடங்கினாள்.

"கொடி மேலதானே கிடந்தது, அப்பா. பேசாம நிண்டிருந்தா என்ன?"

"நான் பாக்கேல்லையே, பிள்ளை."

"அந்த மனிசன் வெளியால எண்டு சொல்லியிருந்தா?"

"நான் பஸ்ஸில வந்திருப்பன்."

"ஞாயிற்றுக்கிழமை பஸ் இல்லை," என்றாள். கண்ணாடியில் பார்த்தேன், சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "எனக்குக் கால் பட்ட உடனயே தெரியும், உள்ளுக்கெண்டு. ஆனா என்னை ஒருத்தரும் கேக்கேல்லை."

"என்னையும்தான்," என்றார் மனைவி. "சங்கிலி எங்க?"

கூட்டணி தொடர்கிறது. பல் வைத்தியரின் உதவியாளர் ஒரேயொரு நிபந்தனை போட்டார்: அடுத்த சீசன் கொடி என்னிடம் இருக்கக்கூடாது. வாக்கெடுப்பு நடந்தது. எனக்கு ஆதரவாக ஒரு வாக்கும் விழவில்லை, நான் போட்டதையும் சேர்த்து. அன்று கம்பத்தடியில் பிள்ளையாருக்கு நேர்ந்த தேங்காய்களை உடைக்கக் கோயிலுக்குப் போனபோதும் மகள் விடவில்லை. "உதைச்சது நான். தேங்காய் அவருக்கோ?" பாதியைத் தனக்குச் சம்பலாகத் தரவேண்டும் என்றாள். நியாயமாகத்தான் பட்டது.

இப்போது கொடி மனைவியிடம். பின்னேரங்களில் துணிக்கொடிக் கம்பத்தடியில் நின்று மகளின் உதைகளுக்குத் தீர்ப்புச் சொல்லிப் பழகுகிறார். சந்தேகத்தின் பலனை யாருக்கும் கொடுப்பதில்லை. ஒரு நாள் ஜன்னலால் தலையை நீட்டி, கடைசி ஆட்டம், ஒரு புள்ளி, மகளின் உதை என்று வந்தால் கும்பிடமாட்டீரா என்று கேட்டேன்.

"கும்பிடாமல்? கண்ணைத் திறந்துகொண்டு கும்பிடுவன்."

என் உத்தியோகத்தில் மிஞ்சியது சட்டைப்பை மட்டும். அதிலும் வேலை கூடிவிட்டது. மூக்குத்தி, சங்கிலி, அவற்றோடு மனைவியின் நான்கு காப்புகள். கொடி தூக்கும்போது அவை கலகலத்தால் உதைக்கிற பிள்ளைகளுக்குக் கவனம் சிதறுமாம்.