அன்புக்கரசி விட்ட ராக்கெட்

வானத்திலிருந்து ஏதோ வந்து தோளில் மோதியது. நான் குப்புற விழுந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை, நெய்வேலி டவுன்ஷிப்பில் நான் குடியிருக்கும் குவார்ட்டர்ஸ்களுக்குப் பின்னாலிருந்த காலி மைதானம். சட்டை நனைந்திருந்தது. பக்கத்தில் இரண்டு லிட்டர் சோடா பாட்டில் ஒன்று உருண்டுகொண்டிருந்தது. அதன் கழுத்தைச் சுற்றிக் கல்யாணப் பத்திரிகை அட்டையில் வெட்டி ஒட்டிய இறக்கைகள். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவந்த பெண் என்னைத் தூக்குவார் என்று பார்த்தேன். பாட்டிலைத் தூக்கினார்.

"நல்லவேள, நெளியல," என்றார். அதற்குப் பிறகுதான், "தம்பி, அடி கிடி பட்டுதா?"

அன்புக்கரசி எனக்கு அறிமுகமானது இப்படித்தான். நாற்பதைத் தாண்டியவர். தோட்டப் பிரிவில் கான்ட்ராக்ட் தொழிலாளி. சேலைக்கு மேல் கணவரின் பழைய முழுக்கைச் சட்டை. அதன் பையில் எப்போதும் பொரி. வேலி வெட்டும்போதும் சருகு கூட்டும்போதும் ஒரு கை அந்தப் பைக்குப் போய் வரும். செடிகளை வீட்டுக்காரர்களின் பதவியை வைத்துத்தான் சொல்வார்: "மேனேஜர் செம்பருத்தி பூச்சி புடிச்சிகினு கெடக்குது. டாக்டரம்மா முருங்க சாஞ்சி பூடுச்சி."

ராக்கெட் விடுவதை செல்போனில் பார்த்துக் கற்றுக்கொண்டாராம். பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர். தேய்ந்த செருப்பின் குதிகாலைச் செதுக்கி ஒரு அடைப்பான். அதன் நடுவே சைக்கிள் டியூபின் வால்வு. பாட்டிலைத் தலைகீழாகச் செங்கற்களுக்கு நடுவில் நிறுத்தி, பம்பால் காற்றடிப்பார். அடைப்பான் பிடுங்கிக்கொள்ளும் நொடியில் தண்ணீர் கீழே பீறிட, பாட்டில் வேப்பமரத்தின் உச்சியைத் தாண்டிப் போகும். அவர் வாயில் பொரியோடு அண்ணாந்து நிற்பார்.

என் சொந்த ஊரில் முதல் பட்டதாரி நான். அதுவும் இயற்பியல். சும்மா இருக்க முடியுமா? ஒவ்வொரு விசைக்கும் எதிர்விசை உண்டு என்ற மூன்றாம் விதியை விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் சரி தம்பி, நீ கொஞ்சம் பம்ப அடி, எனக்குக் கை வலிக்குது," என்றார்.

எதற்கு இது என்று ஒருநாள் கேட்டேன். "நம்ம வேலையெல்லாம் குனிஞ்சிகினே செய்யறது. இது ஒண்ணுதான் நிமிந்து பாக்கறது," என்றார்.

சூப்பர்வைசர் கருப்பசாமிக்கு இது பிடிக்கவில்லை. திருநெல்வேலிக்காரர், நல்ல மனிதர், பயந்தவர். "ஏம்மா, இது மைன்ஸ் இருக்க ஊரு. வானத்துல ஒண்ணு பறந்தா செக்யூரிட்டி சும்மா விடுவானா? இன்னொரு தடவ விட்டீங்கன்னா கேட் பாஸ வாங்கிருவேன், பாத்துக்கிடுங்க," என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். கேட் பாஸ் போனால் வேலை போச்சு. என்றாவது பெர்மனன்ட் ஆகிவிடலாம் என்று அன்புக்கரசி காத்திருந்த வருடங்களும் அதோடு போகும். "சரிங்க," என்றார் அன்புக்கரசி.

அடுத்த ஞாயிறு மறுபடியும் மைதானத்தில் நின்றார். கையில் நீலத் தண்ணீர் பாட்டில். நாய் வந்து காலைத் தூக்காமலிருக்க, சொட்டு நீலம் கலந்து கேட்டில் தொங்கவிடுவார்களே, அது. டாக்டரம்மா புதிது கட்டிக்கொண்டு பழையதை இவரிடம் கொடுத்திருக்கிறார். நீலமாகப் பீறிட்டால் அழகாக இருக்குமாம்.

"வேணாங்க்கா. கோடையெல்லாம் வெயில்ல தொங்கினது. காத்து தாங்காது."

"சோடா பாட்டிலுதானே தம்பி. நாமளுந்தான் வெயில்ல காயறோம், ஒடஞ்சா பூட்டோம்?"

பம்பை அவரே அடித்தார். அடைப்பான் அசையவில்லை. இன்னும் அடித்தார். அதற்குப் பிறகு எனக்குக் கேட்டது வெடிச்சத்தம் மட்டும்தான். செங்கல் ஒன்று இரண்டாகப் பிளந்து கிடந்தது. அவர் முகம் முழுக்க நீலம்; நெற்றியில் சிவப்பாக ஒரு கோடு இறங்கிக்கொண்டிருந்தது.

"அக்கா, கண்ணு தெரியுதா?"

"தெரியுது. உன் வாயி தொறந்துகினு இருக்கறதும் தெரியுது."

சிலிண்டர் வெடித்துவிட்டது என்று குவார்ட்டர்ஸ் மொத்தமும் வெளியே வந்தது. ஒருவர் சோப்பு நுரையும் துண்டுமாக நின்றார். செக்யூரிட்டி ஜீப் வந்தது. கருப்பசாமி லுங்கியோடு ஓடிவந்தார். அந்த நீல முகத்தைப் பார்த்ததும் அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. சட்டென்று ஜீப்பை மறித்து நின்று, "யாரோ சின்னப் பயலுவ சார், வெடியப் போட்டுட்டு ஓடிட்டானுவ," என்றார். ஜீப் திரும்பத் தொடங்கியது. எனக்கு மூச்சு வந்தது.

"பசங்க இல்லீங்க," என்று பின்னாலிருந்து குரல் வந்தது. "நான்தான் உட்டேன். பாட்டிலு ஏமாத்திப்புடுச்சி."

வெடித்தபோதுகூட எனக்கு இவ்வளவு தூக்கிவாரிப் போடவில்லை. கருப்பசாமி தலையில் கைவைத்துக்கொண்டார். "ஏம்மா, நாந்தான் சொல்லிட்டிருக்கேன்லா!"

"நாளைக்கி எவனாவது ஒரு புள்ளய புடிச்சி அடிச்சா என்னா பண்றதுங்க?"

பாஸ் அங்கேயே கைமாறியது.

இப்போது அன்புக்கரசி வடலூரில் ஒரு நர்சரியில் வேலை செய்கிறார். நெற்றிக் காயம் ஆறித் தழும்பாகிவிட்டது. போன வாரம் கருப்பசாமி என்னைத் தூது அனுப்பினார்: இனிமேல் ராக்கெட் விட மாட்டேன் என்று ஆபீசில் வந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும், எப்படியாவது புது பாஸ் வாங்கித் தருவார். ரோஜாக் கன்றுகளுக்குக் குழாயில் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தவரிடம் சொன்னேன்.

"இனிமேன்னா எத்தினி நாளைக்காம்?"

"எப்பவுந்தான்க்கா."

அவர் குழாயின் வாயைக் கட்டைவிரலால் அழுத்தினார். பீறிட்ட தண்ணீரை மெல்ல வானத்தை நோக்கித் திருப்பி, அது எதுவரைக்கும் போகிறது என்று அண்ணாந்து பார்த்தார்.