கதவடைப்புக் கோடையின் களாக்காய்

எண்பதுகளின் தொடக்கத்தில், மராட்டிய ஊரான தளேகாவில் என் வீட்டுக்காரர் வேலை பார்த்த தொழிற்சாலையைக் கோடையில் கதவடைத்துவிட்டார்கள். அவரால் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. காலையில் தொழிற்சாலை கேட்டுக்குப் போய்ப் பூட்டைப் பார்த்துவிட்டு வருவார். பேப்பரைப் பிரிப்பார், படிக்காமலே மடிப்பார். அப்புறம் பின்னாலிருந்த மலைக்குப் போய்விடுவார். திரும்பும்போது துண்டு நிறையப் பச்சைக் களாக்காய், கையெல்லாம் முள் கீறல்.

முதல் நாள் எனக்குச் சந்தோஷம்தான். கையில் எண்ணெய் தடவிக்கொண்டு, பால் வடிய வடிய நறுக்கி, கொட்டை நீக்கி, கடுகுப்பொடி, மிளகாய்ப்பொடி சேர்த்து ஊறுகாய் போட்டேன். மறுநாள் புளிக்குப் பதிலாகப் பருப்பில் போட்டேன். அடுத்து வெல்லப் பச்சடி. பிறகு தொக்கு. வீட்டில் ஜாடி தீர்ந்தது, காலி பாட்டிலும் தீர்ந்தது. எனக்குப் பல் கூசியது. அவர் நிறுத்தவில்லை.

"இனிமே கொண்டுவந்தா அப்படியே வெளியில கொட்டிருவேன்" என்று ஒருநாள் கத்திவிட்டேன்.

அவர் கத்தியை எடுத்துக்கொண்டு சமையலறை வாசலில் உட்கார்ந்து, தானே நறுக்க ஆரம்பித்தார். தலை நிமிராமலே, "வெறுங்கையோட வீட்டுக்குள்ள வர முடியலம்மா" என்றார்.

பால் பட்டு அவர் விரல்களெல்லாம் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டிருந்தன. எண்ணெய் போட்டுத் துடைத்துவிட்டேன்.

மறுநாள் நானும் கூடவே மலைக்குப் போனேன். புதர்களில் காய்கள் கறுக்கத் தொடங்கியிருந்தன. நின்றபடியே பழுத்ததாகப் பார்த்துத் தின்றோம். அவர் கீழே தொழிற்சாலையின் புகையில்லாத புகைபோக்கியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஹடப்சர்ங்கிற ஊர்ல ஒரு பட்டறையில ஆள் எடுக்கிறாங்க. சம்பளம் கம்மி."

"எப்பலேர்ந்து தெரியும்?"

"போன வாரமே. உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான்..."

"போயிரலாங்க" என்றேன். யோசிக்கவே இல்லை.

மழைக்கு முன் கிளம்பினோம். ஊறுகாயெல்லாம் பக்கத்து வீட்டு மராட்டியக்காரம்மாவுக்குக் கொடுத்துவிட்டு ஒரே ஒரு பாட்டிலை எடுத்துக்கொண்டேன். லோக்கல் ரயிலின் ஆட்டத்தில் மூடி நழுவி, அவருடைய நல்ல சட்டையில் எண்ணெய் இறங்கிவிட்டது. அந்தக் கறையோடுதான் முதல்நாள் வேலைக்குப் போனார்.

தீபாவளிக்குப் பிறகு தளேகாவில் தொழிற்சாலைக் கதவைத் திறந்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு வந்தார். பழைய ஆட்களில் பாதிப் பேரைத்தான் உள்ளே விட்டார்களாம்.

"உங்களை?"

"கூப்பிட்டாங்க. வரலைன்னுட்டேன்."

சொல்லிவிட்டுச் சட்டையைக்கூட மாற்றாமல், அந்தக் கோடையில் மலைக்குப் போனதுபோலவே மறுபடியும் வெளியே கிளம்பினார். நான் செருப்பை மாட்டிக்கொண்டு பின்னாலேயே ஓடினேன்.