இரண்டு தீவுகளும் ஒரு விளக்குமாறும்

யுத்த காலம். குமாரபாளையத்தில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் தறியை நிறுத்திவிட்டு, எங்கோ கடலுக்கு நடுவில் ஒரு தீவில் விமானம் இறங்கும் மைதானம் போடும் கூலி வேலைக்குப் போயிருந்தார். அவர் கடிதங்களை அவர் மனைவிக்கு நான்தான் படித்துச் சொல்வேன். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச வராது. கடிதம் என்றால் பரவாயில்லை, பேசுவது அவர்தானே.

ஒரு புதன்கிழமை வந்த கடிதத்தில், "வருகிற வெள்ளிக்கிழமை காலையில் எங்களை விமானத்தில் ஏற்றித் தெற்கே வேறொரு தீவுக்குக் கொண்டுபோகிறார்கள்" என்று இருந்தது. தீவுகளின் பெயரையும் தேதியையும் தணிக்கைக்காரர்கள் மையால் அழித்திருந்தார்கள்.

"ஏனுங்கண்ணா, போய்ச் சேர எத்தன நேரமாகும்?" என்று கேட்டாள் அவள்.

பயணம் போனவர் போய்ச் சேரும்வரை வீட்டைக் கூட்டக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். கூட்டினால் போனவருக்கு ஆகாது. ரயில் என்றால் அவளுக்கே கணக்குத் தெரியும். ஆகாயத்தில் போகிறவருக்கு?

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அவள் முகத்தைப் பார்த்ததும் வாய் வரவில்லை. பள்ளிக்கூட நாளில் வாங்கிய தேசப்படப் புத்தகத்தை எடுத்தேன். இலங்கைக்குத் தென்மேற்கே கடுகு சிந்தினாற்போலப் புள்ளிகள். மேலே ஒன்று, கீழே ஒன்று என்று நானாகவே வைத்துக்கொண்டு தறி நூலால் அளந்தேன். வேகத்துக்கு எனக்குத் தெரிந்தது சேலம் பஸ்தான். அதுவும் அப்போது பெட்ரோல் இல்லாமல் கரிப்புகையில் ஓடியது. மேடு வந்தால் இறங்கித் தள்ள வேண்டும். விமானம் அதைப்போல் இரண்டு மடங்கு போகும் என்று கணக்குப் போட்டேன்.

"சனிக்கெழம சாயங்காலம் எறங்கிருவாருங்க அம்மிணி."

வெள்ளி காலையிலிருந்து அவள் விளக்குமாற்றைத் தொடவில்லை. தறி வீட்டில் ஒரு நாள் கூட்டாவிட்டால் பஞ்சு காலைச் சுற்றும். மாமியார் கத்தினார்: "ஏம்புள்ள, எம்பையன் ஏரோப்ளேன்ல போறானா, கட்டவண்டில போறானா? சோத்துல பஞ்சு கெடக்குது!"

"கெடக்கட்டுங்க அத்தை. மேல போறது உங்க பையன்தானுங்க."

அந்த அம்மாள் வாசலுக்கு வந்து வானத்தைப் பார்த்துவிட்டு, உள்ளே போய் உட்கார்ந்து பஞ்சைக் கையாலேயே பொறுக்கினார்.

சனிக்கிழமை சாயங்காலம் பக்கத்து வீட்டில் கூட்டும் சத்தம் கேட்ட பிறகுதான் எனக்கும் சோறு இறங்கியது.

பத்து நாள் கழித்து அடுத்த கடிதம். "போன கடிதம் போட்ட மறுநாளே ஏறினோம். ஒன்றரை மணி நேரத்தில் இறக்கிவிட்டார்கள். காதுதான் அடைத்தது."

படிப்பதை நிறுத்திவிட்டேன். கடிதம் எங்களிடம் வந்து சேரவே வாரக்கணக்காகும் என்பதை மூன்று பேரும் நினைக்கவில்லை. அவர் இறங்கி எத்தனையோ நாள் கழித்துத்தான் நாங்கள் பஞ்சில் உட்கார்ந்திருந்தோம்.

அவளுக்கும் புரிந்துவிட்டது. "அப்ப, அவங்க மேல போறப்ப நாங் கூட்டிக்கிட்டு இருந்திருக்கறனுங்களா?"

"இது அவரு கையெழுத்துதானுங்க அம்மிணி. நல்லாத்தான் இருக்காரு."

கடிதத்தை வாங்கி எழுத்தைத் தடவிப் பார்த்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "திரும்பி வாரப்ப எத்தன நேரமாகுங்கண்ணா?"

"தெரியாதுங்க அம்மிணி."

"சரி உடுங்க. வந்தப்பறம் அவங்களயே கேட்டுக்கலாம்."