வலது கை நகங்கள்

என் வீட்டுக்காரர் டிராம்பேயில் ஃபிட்டராக வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். அதன் பிறகு மாட்டுங்காவில் ஒரு சாரிடம் கிளாசிக்கல் கிட்டார் படிக்கப் போனார். நல்லதுதான் என்று இருந்தேன். அந்தக் கிட்டாரை நகத்தால்தான் மீட்ட வேண்டும் என்பது எனக்கு அப்போது தெரியாது. இடது கை நகங்களை ஒட்ட வெட்டிவிடுவார். வலது கையில் சுண்டுவிரலை விட்டு மற்ற நான்கிலும் வளர்த்தார்.

அந்தக் கையால்தான் சாப்பாடு. பிசையும்போது பருப்பு நகத்துக்குள் போய் அடையும். எவ்வளவு கழுவினாலும் ஓரத்தில் மஞ்சள் போகாது. சாப்பிட்ட இடத்திலேயே உட்கார்ந்து உப்புத்தாளால் நகத்தைத் தேய்ப்பார். அந்தத் தூள் என் டீ கிளாஸ் பக்கத்தில் விழும். ஸ்பூன் எடுத்து வைத்தேன்.

“நான் என்ன ஆஸ்பத்திரியிலயா கெடக்கேன்?” என்று தள்ளிவிட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரே மீன்குழம்பு வைத்தார். சாப்பிடும்போது என் பல்லில் ஏதோ நறுக்கென்றது. செதில் என்று நினைத்து எடுத்தேன். வெள்ளையாக, வளைவாக, ஒரு பக்கம் பசையோடு இருந்தது.

“ஏங்க, இது என்னது?”

வாங்கிப் பார்த்தார். “அட, இங்கயா கெடக்கு! கட்டைவிரல் நகம் ஒடஞ்சு போச்சுல்லா, அதுல ஒட்டுனது.”

“உங்க நகத்தையா கடிச்சேன்?”

“நகமில்லட்டி. பிங்பாங் பந்த வெட்டி ஒட்டிருந்தேன். புளி கரைக்கும்போது கழண்டிருக்கும்.”

சொல்லிவிட்டு அதைக் கழுவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். நான் பாத்திரம் கழுவும் மோரிக்கு ஓடி, தின்றதையெல்லாம் வாந்தி எடுத்தேன். அன்றிலிருந்து அவரை அடுப்படிப் பக்கம் விடவில்லை. சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவதும் நின்றது.

பிறகு ஒருநாள் சார் வீட்டில் மாணவர்கள் எல்லோரும் வாசித்தார்கள். இவர் நன்றாகவே வாசித்தார். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கோ நரம்பில் உரசும் அந்த நகங்கள்தான் தெரிந்தன. தலையைக் குனிந்துகொண்டேன்.

முடிந்ததும் சார் எனக்கு லட்டு எடுத்துக் கொடுத்தார். அவர் நகங்கள் இன்னும் நீளம். சிரித்து வாங்கி, கைக்குட்டையில் சுருட்டி, பஸ் ஸ்டாப் குப்பைத்தொட்டியில் போட்டேன்.

வீட்டுக்காரர் பார்த்துவிட்டார். “சாரு கை சுத்தமாத்தான் இருக்கும்” என்றார் மெதுவாக.

“தெரியும்” என்றேன்.

பஸ்ஸில் கிட்டாரை அணைத்துக்கொண்டு வேறு சீட்டில் உட்கார்ந்தார். பாவமாகத்தான் இருந்தது. குமட்டல் மட்டும் அடங்கவில்லை.