கண் கூசுகிற பல்புதான் நல்ல பல்பு என்று நினைத்தேன்

விழுப்புரத்தில் எனக்கு ஜீப் பல்பு விற்ற கடைக்காரரே, நீங்கள் தெரிந்தே பொய் சொன்னீர்கள். உங்கள் பெயரையும் கடை இருக்கும் தெருவையும் நான் எழுதவில்லை. படித்தால் உங்களுக்கே தெரியும்.

போன வருஷம் மாசி மாதம் நடந்தது. ஒலக்கூர் பக்கம் எங்கள் ஊர். நிலம் ஏரிக்கு அந்தப் பக்கம். மழை பெய்தால் டிராக்டரே சேற்றில் உட்கார்ந்துவிடும் வழி. அதற்காகவே நாலு சக்கரமும் இழுக்கிற பழைய ஜீப் ஒன்றை வாங்கி வைத்திருந்தேன். அந்த வருஷம் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போட்டிருந்தேன். காய் பிடிக்கிற நேரத்தில் காட்டுப்பன்றி புகுந்து வரிசை வரிசையாகத் தோண்டிப் போட்டது. பொழுது சாய்ந்ததும் ஜீப்பை எடுத்துக்கொண்டு போய் ஒரு சுற்று விரட்டிவிட்டு வர வேண்டும். ஜீப்பில் இருந்த மஞ்சள் விளக்கு வரப்பைக்கூடச் சரியாகக் காட்டாது. பல்பு மாற்றுவது என்று முடிவு செய்தேன்.

பல்பு திண்டிவனத்திலேயே கிடைக்கும். ஆனால் விழுப்புரம் கடையின் வீடியோவைப் போனில் பார்த்திருந்தேன். அதில் பழைய ஜீப் ஒன்று பகல் மாதிரி வெளிச்சம் அடித்துக்கொண்டு நின்றது. அதைப் பார்த்து மயங்கி விழுப்புரம் போனேன். பன்றிக்காக மட்டும் போனேன் என்று சொன்னால் அது பொய். ஊரில் நாலு பேர் திரும்பிப் பார்க்க வேண்டும் என்ற ஆசையும் இருந்தது.

கடையில் ஒரு பலகையில் ஆறு பல்புகளை மாட்டி, பேட்டரி வைத்து ஒவ்வொன்றாக எரிய விட்டீர்கள். எதிர்ச் சுவரில் விழுகிற வெளிச்சத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். நான் சுவரைப் பார்க்கவில்லை, பல்பையே பார்த்தேன். எதற்கு நேரே கண்ணைத் திறக்க முடியவில்லையோ அதுதான் நல்ல சரக்கு என்று எடுத்தேன். சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்க்காமல் ஒரு மாடு வாங்கியதில்லை நான். பல்பை இப்படி வாங்கினேன்.

ஆனால் ஒன்றை மட்டும் கேட்டேன். எதிரே வருகிறவர்களுக்குக் கண் கூசாதா என்று கேட்டேன்.

"அதெல்லாம் கட்டிங் இருக்குதுங்க. டிம்முல போட்டீங்கன்னா ரோட்டைத்தான் பாக்கும், ஆளைப் பாக்காது" என்றீர்கள்.

திண்டிவனத்தில் ஒரு மெக்கானிக்கிடம் மாட்டக் கொடுத்தேன். அவர் பல்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இந்த ஜீப்பில் பல்பு உட்காருகிற பழைய டோமுக்கு இந்த எல்இடி பொருந்தாது, வெளிச்சம் மேலே சிதறும் என்றார். சரி, மாட்டியாகிவிட்டது, சுவரில் அடித்து லெவலாவது பார்த்துவிட்டுப் போங்கள் என்றார். எனக்கு அவசரம். இன்னொரு துண்டு நிலத்தில் அறுத்த கேப்பை ரோட்டில் காய்ந்துகொண்டிருந்தது. அப்புறம் பார்க்கலாம் என்று வந்துவிட்டேன்.

எங்கள் பக்கம் அறுவடை ஆனால் தார் ரோடுதான் களம். பாதி ரோட்டில் தானியத்தைப் பரப்பி, வண்டி ஏறாமல் இருக்கச் சுற்றிலும் கல் வைப்போம். சாயங்காலம் வாரிக் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடுவோம். கல்லை மட்டும் எடுக்க மாட்டோம். காலையில் மறுபடியும் வைக்க வேண்டுமே என்ற சோம்பல். ஊரில் எல்லோரும் இப்படித்தான் செய்கிறோம். ரோட்டில் இன்னொரு பழக்கமும் உண்டு. பெரிய வண்டி எதிரே வந்தால் சின்ன வண்டிதான் இடப்பக்கம் ஒதுங்கும்.

பல்பு மாட்டிய மூன்றாம் நாள். மணி ஏழு ஆகவில்லை, ஆனால் இருட்டிவிட்டது. பன்றியை விரட்டிவிட்டு ஏரிக்கரையிலிருந்து இறங்கி ஊர் ரோட்டில் ஏறினேன். தூரத்தில் ஒரு ஸ்கூட்டர் விளக்கு வந்தது. டிம் போட்டேன். கடையில் சொன்னதை நம்பினேன். அந்தச் சின்ன விளக்கு தடுமாறியது. இடப்பக்கம் ஒதுங்கியது. ஒரு துள்ளு துள்ளி அணைந்தது. அப்புறம்தான் தகரம் தேய்கிற சத்தம் கேட்டது.

ஓடிப் போய்ப் பார்த்தேன். அக்கம்பக்கத்து ஊர்களுக்கு ஊசி போட வருகிற நர்சம்மா. வேலை முடிந்து வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தவர் வாய்க்கால் ஓரம் கிடந்தார். ஹெல்மெட் போட்டிருந்தார். ஆனாலும் புருவத்துக்கு மேலே கிழிந்து ரத்தம். வலது மணிக்கட்டு திரும்பியிருந்தது. இடது கையால் கண்ணை மறைத்துக்கொண்டிருந்தார்.

"மொதல்ல அந்த லைட்ட அணை" என்றார். "யாரு நிக்கிறன்னே தெரியல எனக்கு."

அணைத்துவிட்டு வந்து தூக்கி உட்கார வைத்தேன். வாந்தி எடுத்தார். எடுத்துவிட்டு அவரே நோயாளியைப் பற்றிப் பேசுகிற மாதிரி பேசினார்.

"தலையில அடி. இங்க உக்காந்துக்கினு இருக்காத, திண்டிவனம் வுடு. வழியில நான் தூங்கினா எழுப்பு. தூங்க வுட்டன்னா அவ்ளோதான்."

ஜீப்பில் பக்கத்தில் உட்கார வைத்துத் துண்டால் சீட்டோடு சேர்த்துக் கட்டினேன். விளக்கைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன். அரை கிலோமீட்டர் போகவில்லை, எதிரே ஒரு பைக். ஓட்டி வந்தவர் ஒரு கையால் முகத்தை மறைத்தார், பைக் ஆடியது. விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் நின்றேன். அவர் பக்கத்தில் வந்து என் பரம்பரையையே திட்டிவிட்டுப் போனார். மறுபடி போட்டேன். மறுபடி ஒரு வண்டி, மறுபடி அணைத்தேன். இப்படிப் போனால் எப்போது போய்ச் சேர்வது? பக்கத்தில் நர்சம்மாவின் தலை தொங்க ஆரம்பித்தது. தோளைத் தட்டினேன்.

"வாய்க்கால்ல சேறு இருக்குதில்ல? அள்ளிப் பூசு" என்றார். கண்ணைத் திறக்கவில்லை.

இறங்கி இரண்டு கையாலும் சேற்றை அள்ளி விளக்குகளின் மேல்பாதியில் அப்பினேன். எல்இடிக்கு முன்கண்ணாடி சூடாகாது, சேறு காய்ந்து உதிரவில்லை, அப்படியே ஒட்டியது. மிச்ச வெளிச்சத்தில் பத்தடி தெரிந்தது. நான் காசு கொடுத்துத் தூக்கிப் போட்ட பழைய வெளிச்சம் அவ்வளவுதான் இருந்தது.

வழியெல்லாம் பேசச் சொன்னார். எனக்கு என்ன பேசத் தெரியும்? பன்றியைப் பற்றிப் பேசினேன். நெடுஞ்சாலை ஏறுகிற இடத்தில் அவர் பதில் சொல்வது நின்றது. தட்டினேன், பதில் இல்லை. உடைந்த கையைத் தொட்டேன். வலியில் கத்தினார். அந்தச் சத்தத்தைக் கேட்டு எனக்கு உயிர் வந்தது. அன்றைக்கு ஒரு பெண்ணை வலிக்க வைத்துச் சந்தோஷப்பட்டவன் நான். ஆஸ்பத்திரி வாசல் வரை மூன்று முறை அப்படிச் செய்தேன்.

ஸ்கேன் எடுத்தார்கள். கடைசியில் டாக்டர் வந்து மண்டைக்குள் ரத்தம் கசியவில்லை, ஆனால் ராத்திரி முழுக்கப் பார்க்க வேண்டும் என்றார். புருவத்தில் ஆறு தையல். கைக்குத் தகடு வைக்க வேண்டும்.

அதற்குள் அவர் வீட்டுக்காரர் வந்துவிட்டார். அமைதியான மனுஷன். எப்படி ஆனது என்று கட்டில் பக்கத்தில் நின்று என்னைக் கேட்டார். வண்டி கல்லில் ஏறிவிட்டது என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அதில் ஒரு வார்த்தையும் பொய் இல்லை. ஆனால் அதைவிடப் பெரிய பொய்யை நான் சொன்னதில்லை. அவர் மனைவியைப் பார்த்து, பார்த்து ஓட்டக் கூடாதா என்று கேட்கத் தொடங்கினார்.

நர்சம்மா தூங்குகிறார் என்று நினைத்திருந்தேன்.

"கல்லு யாருது?" என்று என்னைக் கேட்டார்.

"என்னுதுங்க."

"லைட்டு?"

"என்னுது."

"அப்ப அதையும் சேத்துச் சொல்லு. எனக்கு வண்டி ஓட்டத் தெரியலன்னு ஊரு பேசறதுக்கா உசுரோட வந்தேன்?"

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். வீட்டுக்காரர் அடிப்பார் என்று நினைத்தேன், அடித்திருந்தால் வாங்கியிருப்பேன். அவர் என்னை வெளியே கூட்டிக்கொண்டு போனார். ஜீப் முன்னால் நின்று, தன் சட்டை முனையால் அந்தச் சேற்றைத் துடைத்தார். போடு என்றார். போட்டேன். அவர் முகத்தைத் திருப்பாமல் வெளிச்சத்துக்கு நேரே நின்றார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. போதும் என்று அணைத்தேன்.

"இதையா கடையில வச்சு விக்கிறாங்க?" என்றார்.

கல்லை மறுநாளே எடுத்துவிட்டேன். இப்போது கேப்பையை வீட்டு மாடியில் காய வைக்கிறேன். ஒரு வாரம் கழித்து, பல்பைக் கழற்றி எடுத்துக்கொண்டு உங்கள் கடைக்கு வந்தேன். நடந்ததைச் சொன்னேன். உங்கள் முகம்கூட மாறவில்லை.

"பழைய ஜீப்பு டோமுல கட்டிங் நிக்காதுன்னு யாருக்குத்தாங்க தெரியாது? ஓட்டுனது நீங்கதான" என்றீர்கள்.

அப்படியென்றால் நான் கேட்ட அன்றைக்கே உங்களுக்குத் தெரியும். நான் நின்றுகொண்டிருக்கும்போதே வேன் வைத்திருக்கிற ஒருவருக்கு அதே பலகையில் அதே பல்பை எரிய விட்டீர்கள். வேண்டாங்க என்று அவரிடம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு வாங்கிக்கொண்டு போனார். யார் எதிரே போய் அந்த வேன் நின்றதோ, தெரியாது.

நர்சம்மா வலது கையால் மறுபடி ஊசி பிடிக்க நாலு மாதம் ஆனது. இன்றைக்கும் எங்கள் ஊருக்கு வருகிறார். என்னைப் பார்த்தால் தலையை மட்டும் ஆட்டுவார். அதற்கு மேல் எதிர்பார்க்க எனக்கு உரிமை இல்லை.

என் தப்பை நான் எழுதிவிட்டேன். சோம்பலில் கல்லை விட்டது, ஆசையில் பல்பை எடுத்தது, மெக்கானிக் சொன்னதைக் கேட்காதது, ஆஸ்பத்திரியில் பாதி உண்மை பேசியது, எல்லாம் என் தலையில்தான். கடைக்காரரே, இப்போது நீங்கள் எழுதுங்கள். எனக்குத் தனியாகச் சொல்ல வேண்டாம், உங்கள் வீடியோவைப் பார்க்கிற ஊர் முழுக்கப் படிக்கிற மாதிரி, இது வந்த இதே பக்கத்தில் எழுதுங்கள். எதிரே வருகிற சின்ன விளக்குக்குப் பின்னால் ஒரு ஆள் இருக்கிறார் என்று எனக்குப் புரிய ஒரு கை உடைய வேண்டியிருந்தது. உங்களுக்குப் புரிய என்ன உடைய வேண்டும் என்று எல்லோர் முன்னாலும் சொல்லுங்கள்.