விரதத்தில் சேராத இலைச்சாறு

கணபதி ஏரியாவில் பொற்கொடி வீடு எது என்று கேட்டால் எந்தப் பொற்கொடி என்று திருப்பிக் கேட்பார்கள். சுகர் இலைக்காரம்மா என்று சொல்லிப் பாருங்கள், பேக்கரியில் டீ குடித்துக்கொண்டிருப்பவர்கூட எழுந்து வந்து அவள் சந்துக்கு வழி காட்டுவார். அந்தப் பெயர் வந்து மூன்று வருஷம்தான் ஆகிறது. அதற்கு முன்பு பதினாறு வருஷம் அவள் கோவிந்தராஜுலு முதலாளியின் பம்பு செட்டுப் பட்டறையில் மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் சுற்றுகிற பல பெண்களில் ஒருத்தி. இன்றைக்கும் அங்கேதான் சுற்றுகிறாள்.

இலை வந்தது அவள் தம்பி ஆல்வினால். மலேசியாவில் கிரேன் ஓட்டுகிறவன். ஒரு கிறிஸ்துமஸுக்கு வந்தபோது, விரல் தடிமனில் இரண்டு குச்சிகளை ஈரப் பேப்பரில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்தான். "இது ஆப்பிரிக்காக்காரங்க எலைக்கா. அங்க சுகருக்கு அத்தன பேரும் இதத்தான் திங்கறாங்க" என்றான். அவளுக்கும் சர்க்கரை நோய் உண்டு. லைன் வீட்டில் இடம் ஏது? குளிக்கிற தண்ணீர் வெளியே ஓடும் இடத்தில், சுவரோரமாக, சாணத்தைக் குழைத்துப் போட்டு இரண்டையும் சாய்த்து நட்டாள். ஒன்று அழுகிப் போயிற்று. மற்றது பிழைத்துக்கொண்டு, ஒரு மழைக்காலம் தாண்டுவதற்குள் ஆள் உயரப் புதராகிவிட்டது. வெட்ட வெட்டக் கிளைத்தது. இலைகள் உள்ளங்கை அகலம். கசப்பு என்றால் அப்படியொரு கசப்பு, வேப்பிலையே பரவாயில்லை என்று தோன்றும்.

பொற்கொடி அதை நேராகத் தின்ன மாட்டாள். ஏழு இலையைக் கல் உப்புப் போட்டுக் கசக்கிப் பிழிவாள். பச்சை நுரையாகக் கொட்டும். அந்தத் தண்ணீரைக் கீழே ஊற்றிவிட்டு மறுபடி பிழிவாள். மூன்று தரம் ஆன பிறகு, மிஞ்சிய சக்கையைக் கொதிக்க வைத்துக் குடிப்பாள். அவளுக்குச் சர்க்கரை குறைந்தது உண்மை. இலையால் குறைந்ததா, பயந்துபோய் பேக்கரிப் பக்கம் போவதை விட்டதால் குறைந்ததா என்று யார் கண்டது? அவளைக் கேட்டால் இலைதான் என்பாள்.

முதல் வருஷமே ஒருநாள் ஒரு காரியம் நடந்தது. காலையில் மாத்திரையைப் போட்டு, இலைக் கஷாயத்தையும் குடித்துவிட்டு, இட்லிக்கு நேரமில்லை என்று வேலைக்கு ஓடினாள். பதினோரு மணிக்குக் கை நடுங்கியது. முதுகெல்லாம் வேர்வை. பேசினால் நாக்கு குழறியது. பக்கத்தில் காயில் சுற்றிக்கொண்டிருந்த கிருபா சர்க்கரையை அள்ளிப் போட்டு டீ வாங்கிக் கொடுத்ததால் பிழைத்தாள். சுகாதார நிலையத்து நர்ஸ் இனியா பிடித்துத் திட்டினாள். "மாத்திரையே சுகரை எறக்கும். அதுக்கு மேல இந்த எலை வேற என்ன பண்ணுமோ எனக்குத் தெரியாது. அதையும் குடிச்சுப்போட்டு வெறும் வயித்துல இருந்தா உசுருக்கே ஆபத்துக்கா. இதக் குடிக்கறவங்க எல்லார்கிட்டயும் சொல்லிப்போடுங்க."

பொற்கொடி தலையை ஆட்டிவிட்டு வந்தாள். அன்றிலிருந்து சாப்பிடாமல் இலையைத் தொட்டதில்லை. ஆனால் மற்றவர்களிடம் அதைச் சொன்னாளா என்றால், இல்லை. இதை மூடி மறைத்து அவளை நல்லவளாக்கிக் காட்டுவதில் எனக்கு விருப்பமில்லை.

ஏன் சொல்லவில்லை என்பதற்குக் காரணம் இருக்கிறது. அவர்கள் சந்துக்குள் மற்ற தெருக்காரர்கள் காலெடுத்து வைப்பது, ஓட்டு கேட்கவும் வேலைக்கு ஆள் தேடவும்தான். இலை வந்த பிறகு கார் வைத்திருப்பவர்கள்கூட வாசலில் வந்து நின்று, "ஏனுங்க, சித்த எலை கெடைக்குமுங்களா?" என்று கேட்டார்கள். ஒருநாள் சாயங்காலம் முதலாளியின் மனைவி கோமளாவே வந்துவிட்டாள். இலையை வாங்கிக்கொண்டு, "ஒரு டம்ளர் தண்ணி குடு பொற்கொடி" என்றாள். வாங்கி, வாய் வைத்துக் குடித்தாள். அந்தக் குடும்பத்திலிருந்து ஒருவர் அவள் வீட்டுத் தண்ணீரைக் குடித்தது அதுதான் முதல் தரம். அப்போது அவளுக்கு இருந்த பூரிப்பில், இலையால் ஆபத்தும் வரலாம் என்று சொல்ல வாய் வரவில்லை. அப்புறம் சொல்லலாம் என்று விட்டாள். அப்புறமும் விட்டாள். சனிக்கிழமைதோறும் ஒரு கட்டு இலையைக் கொண்டுபோய் முதலாளி வீட்டுப் பின்பக்கம், பொறக்கடையில் வைத்துவிட்டு வருவது வழக்கமாயிற்று.

அன்றைக்குப் புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை. முதலாளி வீட்டில் தளிகை. பெருமாளுக்குப் படையல் போட்டு முடிகிறவரை வீட்டுப் பெரியவர்கள் வாயில் பருக்கை வைக்க மாட்டார்கள். பதினொன்றரைக்குப் பொற்கொடி இலைக்கட்டோடு பொறக்கடையில் நின்றாள். உள்ளே சங்கும் சேகண்டியும் முழங்கின. மருமகள் நேஹா சமையலறைக் கதவைத் திறந்து கட்டை வாங்கிக்கொண்டாள்.

"அத்தை காலைலயே எலை கேட்டாங்கக்கா. போன வாரத்து எலைய மிக்ஸில அரைச்சு ரெண்டு டம்ளர் குடிச்சாங்க."

"புழிஞ்சு, கொதிக்க வெச்சுத்தானுங்க அம்மணி?"

"இல்லக்கா, கசப்புலதான் மருந்தே இருக்குதாம். அப்படியே பச்சையா. இது சாப்பாடு இல்ல, மருந்துதானே, வெரதத்துல சேராதுன்னுட்டாங்க. மாமாவுக்குத் தெரியாது, சொல்லிராதீங்க."

பொற்கொடி அவசரமாகக் கேட்டாள். "மாத்திரை போட்டாங்களா?"

"அதெல்லாம் ஆறு மணிக்கே போட்டுட்டாங்க. அதும் மருந்துதானே?"

விரதம் சோற்றுக்குத்தான், மாத்திரைக்கும் இல்லை, இலைக்கும் இல்லை. கணக்கு வெகு சுத்தம், குறையே சொல்ல முடியாது. பொற்கொடி மேலே கேட்பதற்குள் கூடத்திலிருந்து சத்தம் வந்தது.

"அம்மாவுக்குச் சாமி வந்திருச்சு! கோவிந்தா! கோவிந்தா!"

நேஹா உள்ளே ஓடினாள். பொற்கொடி சமையலறை நிலைப்படி வரைக்கும் வந்து எட்டிப் பார்த்தாள். படத்துக்கு முன்னால் கோமளா உட்கார்ந்தபடி ஆடிக்கொண்டிருந்தாள். ஃபேன் முழு வேகத்தில் சுற்றியும் ரவிக்கை தொப்பலாக நனைந்திருந்தது. வாய் என்னவோ உளறியது. கண் யாரையும் பார்க்கவில்லை. நெற்றி நிறைய நாமத்தோடு முதலாளி கைகூப்பி நின்று, "என்ன கொறை வெச்சோம் பெருமாளே, சொல்லு" என்று அழுதுகொண்டிருந்தார். சொந்தக்காரப் பெண்கள் வரிசையாகக் காலில் விழுந்தார்கள். பூஜை நடத்தக் காரமடைப் பக்கத்திலிருந்து வந்திருந்த தாசர் சேகண்டியை இன்னும் ஓங்கித் தட்டினார்.

சாமி இல்லை. அன்றைக்குக் காயில் மேசையில் அவளுக்கு வந்த அதே வேர்வை, அதே குழறல். பொற்கொடிக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் நிலைப்படியிலேயே நின்றாள். இத்தனை வருஷத்தில் அந்த நிலைப்படியைத் தாண்டி அவள் கூடத்துக்குள் போனதில்லை. வராதே என்று யாரும் சொன்னதில்லை, வா என்றும் சொன்னதில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிறவள், இவர்கள் பூஜையில் நுழைந்து இது சாமி இல்லை என்று எந்த வாயால் சொல்வது? சொன்னால், உனக்கு எப்படித் தெரியும், முன்னமே ஏன் சொல்லவில்லை என்று அடுத்துக் கேட்பார்கள் என்பதும் தெரியும். பேசாமல் பொறக்கடை வழியே போய்விட்டால் இலை விஷயம் நேஹாவோடு போய்விடும். அந்த நினைப்பும் அவளுக்கு வந்தது. வராமல் இருக்குமா? அவளும் மனுஷிதானே.

கோமளாவின் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. பொற்கொடி உள்ளே நடந்தாள்.

"மொதலாளி, அது சாமி இல்லீங்க! சுகர் எறங்கிருச்சுங்க!"

சேகண்டி நின்றது. முதலாளியின் அண்ணன் சென்னகேசவன் திரும்பினார். "யாரு இவளெ உள்ள உட்டது?"

பொற்கொடி நேராகப் படத்துப் பக்கம் போனாள். படத்துக்கு முன்னால், இன்னும் படைக்காத பானகம் ஒரு செம்பு நிறைய இருந்தது. அதை எடுத்தாள். கூடியிருந்தவர்கள் "ஐயோ" என்றார்கள். கோமளாவை நிமிர்த்தி, தோளில் சாய்த்துக்கொண்டு, செம்பை வாயில் வைத்தாள். "முழுங்குங்கம்மா, ஒரே ஒரு வாய் முழுங்குங்க." கோமளா கையால் தட்டிவிட்டாள். பாதிப் பானகம் புடவையில் கொட்டியது. சென்னகேசவன் பொற்கொடியின் கையை முறுக்கிப் பிடித்தார்.

"மாமா!" என்று நேஹா அலறினாள். "அத்தை காலைல மாத்திரை போட்டுட்டு அந்த எலைச் சாறும் குடிச்சாங்க. ஒண்ணுமே சாப்புடல. அக்கா சொல்றது நெசம் மாமா!"

முதலாளி பெருமாளைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். படைக்காத நைவேத்தியத்தைத் தொடுவது அவர் குடும்பத்தில் நடந்திராத காரியம். கோமளாவின் கழுத்து தொங்க ஆரம்பித்திருந்தது. அவர் அண்ணனின் கையை விலக்கிவிட்டு மண்டியிட்டு, மனைவியின் தாடையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார்.

"ஊத்து பொற்கொடி."

கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினாள். முதல் வாய் கடைவாயில் வழிந்தது. இரண்டாவது வாய் தொண்டையில் இறங்கியதை அவள் விரலால் தொட்டு உணர்ந்தாள்.

காரை நேஹா ஓட்டினாள். முதலாளி முன்னால் உட்கார்ந்து கோவிந்தா, கோவிந்தா என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தார். சிக்னலில் வண்டி நின்றபோதெல்லாம் பொற்கொடிக்கு உயிர் போய் வந்தது. மடியில் கிடந்த தலையைக் குனிந்து பார்த்துப் பார்த்து, வெல்லம் தோய்ந்த விரலைக் கோமளாவின் உதட்டுக்கு உள்ளே தடவிக்கொண்டே இருந்தாள். நான் சொல்லாததால்தான் இது, நான் சொல்லாததால்தான் என்று மனசு அடித்துக்கொண்டது.

ஆஸ்பத்திரியில் பார்த்தபோது, அத்தனை பானகம் உள்ளே போன பிறகும் சர்க்கரை நாற்பத்தொன்று. ஊசி வழியாகக் குளுக்கோஸ் ஏற்றினார்கள். கால் மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. கோமளா கண்ணைத் திறந்து முதலில் கேட்டது, "தளிகை முடிஞ்சுதா?"

முதலாளி சிரித்தாரா அழுதாரா என்று சொல்ல முடியவில்லை.

டாக்டரம்மா விடவில்லை. மாத்திரையோடு கண்ட இலையை இப்படிக் குடிக்கச் சொன்னது யார் என்று கேட்டாள். நேஹா தரையைப் பார்த்தாள். முதலாளி பொற்கொடியைப் பார்த்தார்.

கட்டிலிலிருந்து கோமளாவின் குரல் வந்தது. "அவளெ ஒண்ணும் சொல்லாதீங்க. சாப்புடாம குடிக்கக் கூடாதுன்னு அவ படிச்சுப் படிச்சுச் சொன்னா. நாந்தான் கேக்கல."

அப்படியொரு வார்த்தையைப் பொற்கொடி சொன்னதே இல்லை. அது கோமளாவுக்கும் தெரியும். தெரிந்தேதான் சொன்னாள். முதலாளியின் முகம் அப்படியே இளகிவிட்டது. பொற்கொடியைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிடப் போனார். வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் போதும், அன்றோடு அவள் அந்த வீட்டுக்கு உயிர் கொடுத்தவள்.

"வேண்டாமுங்க மொதலாளி. அம்மா பொய் சொல்றாங்க. நான் சொல்லலீங்க. நர்ஸம்மா என்கிட்டச் சொல்லி ரெண்டு வருஷமாச்சுங்க. நான் யாருகிட்டயும் சொல்லலீங்க."

தூக்கிய கை பாதியில் நின்றது. "தெரிஞ்சுமா? ஏம்மா சொல்லல?"

பொற்கொடி அவரைப் பார்க்கவில்லை, கட்டிலைப் பார்த்தாள்.

"சொன்னா எலை வாங்க வர மாட்டீங்கன்னு பயந்துட்டனுங்க. நீங்கெல்லாம் என்ற ஊட்டு வாசலுக்கு வந்தது அந்த எலைக்காகத்தானுங்க."

முதலாளி கையைக் கீழே இறக்கினார். டாக்டரம்மா சீட்டில் என்னவோ எழுத ஆரம்பித்தாள். கோமளா மட்டும் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஊசி குத்தாத கையால் கண்ணைத் துடைத்தாள்.